பழைய கார்பைட் பீரங்கிக்குத் தூளும் பொறிக்கல்லும் எங்கே கிடைக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கங்களில் பழைய பொருள்களைச் சேர்க்கும் நம்மவர்கள் சிலரிடம் அமெரிக்காவில் செய்த பொம்மைப் பீரங்கிகள் இருக்கின்றன. சில ஏலத்தில் வந்தவை. சில கப்பலில் வேலை பார்த்த மாமாக்களும் சித்தப்பாக்களும் கொண்டுவந்து பரணில் போட்டவை. தீபாவளி நெருங்கும்போது அவற்றைத் தூசி தட்டி எடுப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன பொம்மை? வெடிமருந்து இல்லாமல் எப்படிச் சத்தம் போடுகிறது?

பென்சில்வேனியா மாநிலத்தின் லீஹை பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் மார்ஷ் வில்சன், 1907-இல் 'வாயுத் துப்பாக்கி' என்ற பெயரில் ஒரு காப்புரிமை பெற்றார். அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4-ஆம் தேதி பட்டாசு வெடித்துக் கையையும் கண்ணையும் இழந்த சிறுவர்களைப் பற்றி அந்நாட்டுப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. வெடிமருந்து இல்லாத ஒரு வெடிச் சத்தத்துக்குச் சந்தை காத்திருந்தது. 1912-இல் இந்தப் பீரங்கிகளைச் செய்வதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கியது. 'பிக்-பேங்' என்ற பெயரில் அவை இன்றும் விற்பனையாகின்றன.

பீரங்கியின் பின்புற அறையில் சிறிது தண்ணீர் ஊற்ற வேண்டும். அதன் மேலுள்ள அளவைக் குடுவையில் கார்பைட் தூள் இருக்கும். குடுவையின் பொறியை ஒருமுறை இயக்கினால் ஒரு சிட்டிகைத் தூள் தண்ணீரில் விழுந்து அசிட்டிலீன் வாயு கிளம்பி, குழலுக்குள் இருக்கும் காற்றோடு கலக்கிறது. சில நொடிகள் பொறுத்துப் பின்புறக் குமிழை அழுத்தினால் பொறிக்கல் உரசிப் பொறி பறக்கும். வாய் வழியே ஒரு மின்னலும் 'டும்' என்ற சத்தமும் வெளிவரும். குண்டு, ரவை எதுவும் கிடையாது. பீரங்கி வெடிக்கும்போது தரையில் சிறிது பின்வாங்கும், அவ்வளவுதான்.

'பேங்சைட்' என்று பெட்டியில் எழுதியிருக்கிறதே, அது என்ன?

கால்சியம் கார்பைடைச் சீரான பருமனில் அரைத்துச் சலித்துச் சிறு குழாய்களில் அடைத்ததற்கு நிறுவனம் வைத்த வணிகப் பெயர். மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கிறார்கள் என்று இந்தியச் செய்தித்தாள்கள் எழுதுகிற அதே 'கார்பைட் கல்'தான் இதற்கு மூலப்பொருள். ஆனால் பீரங்கிக்குப் பெயரைவிடப் பருமன் முக்கியம். தூள் மிக நைசாக இருந்தால் அளவைக் குடுவையின் துளையில் அப்பிக்கொள்ளும். பெரிதாக இருந்தால் துளையில் மாட்டிக்கொள்ளும், அல்லது தண்ணீரில் விழுந்த பிறகும் வெகுநேரம் நுரைத்துக்கொண்டே இருந்து அடுத்த வெடிக்கான கலவையைக் கெடுக்கும்.

தென்னாப்பிரிக்காவில் ஏன் இது கிடைக்காத பொருளாகிவிட்டது?

கார்பைட் இந்த நாட்டுக்கு அந்நியப் பொருளே அல்ல. சுட்ட சுண்ணாம்பையும் நிலக்கரியிலிருந்து கிடைக்கும் கல்கரியையும் மின்வில் உலையில் ஏறக்குறைய 2,000 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருக்கினால் கிடைப்பது கார்பைட். ஆகவே நிலக்கரியும் மின்சாரமும் அருகருகே இருக்கும் ஊர்களில்தான் அதன் ஆலைகள் எழுந்தன. விட்பாங்கில் ராண்ட் கார்பைட் இருந்தது. நம் குவாசூலு-நேட்டாலிலேயே நியூகாசிலில் ஓர் ஆலை நெடுங்காலம் இயங்கியது. நியூகாசில் என்றவுடன் 1913-இல் டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை கடந்து வந்து, அங்குள்ள நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு எழுப்பிய தமிழ்ப் பெண்கள்தாம் நம் நினைவுக்கு வருவார்கள். அந்த ஊருக்கு ஆலையையும் கொண்டுவந்தது அதே நிலக்கரிதான்.

சுரங்கத்தில் கார்பைட் விளக்கு எரிந்தவரை சிறிய தகரங்களில் கார்பைட் விற்பவர்கள் இருந்தார்கள். மின்விளக்குத் தொப்பி வந்தபின் அந்தச் சில்லறை வியாபாரம் படுத்துவிட்டது. இன்று கார்பைட் வாங்குவோர் எஃகிலிருந்து கந்தகத்தை நீக்கும் ஆலைக்காரர்களும் அசிட்டிலீன் வாயு தயாரிப்பவர்களும்தான். அவர்களுக்குப் பீப்பாய்க் கணக்கில் போகிறது. ஆகவே இங்கே பற்றாக்குறை கார்பைடுக்கு இல்லை. சிறிய அளவில், சரியான பருமனில், ஈரம் படாமல் அடைத்த கார்பைடுக்குத்தான்.

எவ்வளவு தேவைப்படும்?

கேட்பவர்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. ஒரு கிலோ சந்தைத்தரக் கார்பைடிலிருந்து ஏறக்குறைய 300 லிட்டர் அசிட்டிலீன் வரும். காற்றில் அந்த வாயு முழுமையாக எரிய நூற்றுக்கு எட்டுப் பங்கு கூட வேண்டியதில்லை. குழலுக்குள் அரை லிட்டர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 40 மில்லிலிட்டர் வாயு போதும். அதற்கு வேண்டிய தூள் ஒரு கிராமில் ஏழில் ஒரு பங்குதான். நூறு கிராமில் எழுநூறு முறை வெடிக்கலாம். ஐம்பது கிலோ பீப்பாயை மலிவாகத் தருகிறார்கள் என்று ஒருவர் ஆசையோடு சொன்னபோது, உங்கள் பேரனின் பேரன் வரை வெடித்தாலும் தீராது, ஆனால் அதற்கு முன் உங்கள் வண்டிக்கொட்டகை போய்விடும் என்று சொல்லிவிட்டேன்.

அமெரிக்காவிலிருந்து அஞ்சலில் வரவழைக்கலாமா? உறவினர் வரும்போது பெட்டியில் கொண்டுவரலாமா?

இரண்டுமே கூடாது. கால்சியம் கார்பைட் ஆபத்தான சரக்குப் பட்டியலில் ஐ.நா. எண் 1402 உடையது. தண்ணீர் பட்டால் எரிவாயு வெளிவிடும் பொருள்கள் அடங்கிய 4.3 என்னும் வகுப்பைச் சேர்ந்தது. விமானப் பயணிகள் தங்கள் பெட்டியிலோ கைப்பையிலோ அதைக் கொண்டுவர அனுமதி இல்லை. உரிய பெட்டி, முத்திரை, பத்திரங்களோடு கப்பல் சரக்காக வரலாம். ஆனால் இருநூறு கிராம் தூளுக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன்பு வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர், "கவலைப்படாதீர்கள், பொம்மைப் பாகம் என்று எழுதி அனுப்புகிறேன்" என்றார். நானும் பணம் கட்டினேன். சிப்பம் வந்து சேரவில்லை, பணமும் திரும்பவில்லை. பொய்ச்சீட்டு ஒட்டிய பொருளுக்காக யாரிடம் போய்ப் புகார் சொல்வது? பின்னால் யோசித்தபோது வேறொன்று உறைத்தது. அந்தச் சிப்பம் எங்காவது ஒரு விமானத்தின் வயிற்றில் பயணிகளுக்குக் கீழே போயிருக்கும். அமெரிக்காவிலிருந்து மருமகள் வருகிறாள், கொஞ்சம் சொல்லியனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: அந்தப் பெண்ணை விமான நிலையத்தில் மாட்டிவிடாதீர்கள்.

அப்படியானால் எங்கேதான் தேடுவது?

முதலில் குகை ஆராய்ச்சிக் குழுக்களைக் கேளுங்கள். சுண்ணாம்புப் பாறைக் குகைகளில் இறங்குபவர்களில் பழைய பித்தளைக் கார்பைட் விளக்கை விட மனமில்லாதவர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள். அவர்கள் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். பொறுப்பானவர் என்று நம்பிக்கை வந்தால் ஒரு புட்டி கொடுப்பார்கள். சுரங்க விளக்கு சேர்ப்பவர்களும் இதே வகையினர். அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் கட்டியாக இருக்கும் என்றாலும், தகரத்தின் அடியில் தங்கும் குருணையை அவர்கள் விளக்குக்குப் பயன்படுத்துவதில்லை. நமக்கு வேண்டியது அந்தக் குருணைதான்.

அடுத்து, ஆய்வக வேதிப்பொருள் விற்பவர்கள். பள்ளிக்கூட ஆய்வகங்களுக்காக அரைக் கிலோ புட்டிகளில் கார்பைட் வருகிறது. தனிமனிதருக்கு விற்கத் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் நியாயமானது. தொலைபேசியில் கேட்காமல் நேரில் சென்று, பீரங்கியின் படத்தைக் காட்டி, எதற்கு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; அதைக் கேட்பவரைப் பார்த்தாலே விற்பவருக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும். பற்றவைப்புச் சாமான் கடைகளில் இப்போது அசிட்டிலீன் சிலிண்டரில்தான் கிடைக்கிறது, கார்பைட் இருப்பது அரிது. பழைய பட்டறைக்காரர் யாராவது வாயு உற்பத்திக் கலம் வைத்திருந்தால் மட்டும் வாய்ப்பு உண்டு. பழத்தோட்டக்காரர்கள் பறவை விரட்டும் பீரங்கிகளையும் ஒரு காலத்தில் கார்பைடில் இயக்கினார்கள். இப்போது அவை சமையல் வாயுவுக்கு மாறிவிட்டதால் அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

கடைசியாக, இறந்தவர் வீட்டுச் சாமான் ஏலங்கள். பீரங்கியோடு திறக்காத பேங்சைட் குழாய் இருந்தால் விலை சற்றுக் கூடினாலும் தயங்க வேண்டாம். என் கணக்கில் பீரங்கியைவிட அளவைக் குடுவையும் அந்தக் குழாயும்தான் பெறுமதி உள்ளவை. இரும்பு எங்கும் போய்விடாது.

பழைய குழாயில் இருக்கும் தூள் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று எப்படி அறிவது?

நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு பீரங்கியோடு மூன்று குழாய்கள் வாங்கினேன். முதல் குழாயை ஆட்டியபோது சத்தமே இல்லை. திறந்து கவிழ்த்ததும் அச்சில் வார்த்த சாக்குக்கட்டி போல வெள்ளையாக ஒரே துண்டாக விழுந்தது. பல பத்தாண்டுகளாக மூடி வழியே காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து முழுவதும் சுண்ணாம்பாகிவிட்டது. இரண்டாவது குழாயில் மேற்பகுதி வெள்ளை, அடியில் ஒரு விரற்கடை சாம்பல். மூன்றாவதை ஆட்டியபோது உலர்ந்த மணல் போலச் சரசரத்தது. திறந்ததும் பூண்டு வாடை மூக்கில் ஏறியது. அந்த வாடை அசிட்டிலீனுடையது அன்று; கார்பைடில் கலந்திருக்கும் மாசிலிருந்து வரும் பாஸ்பீனின் வாடை. தூள் சாம்பல் நிறத்தில் தனித்தனி மணியாக இருந்தது.

ஐயம் இருந்தால் வெளியே, அடுப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில், ஒரு தட்டில் தண்ணீர் வைத்து நான்கைந்து மணிகளை மட்டும் போட்டுப் பாருங்கள். விறுவிறுவென்று நுரைத்தால் உயிர் இருக்கிறது. பழைய குழாயை வீட்டுக்குள் திறக்காதீர்கள். உள்ளே வாயு தேங்கியிருக்கக்கூடும்.

மாம்பழ வியாபாரியிடம் இருக்கும் கார்பைட் கல்லை வாங்கலாமா?

வேண்டாம். உணவுப் பொருளுக்கு அதைப் பயன்படுத்துவதை இந்தியா சட்டம் போட்டுத் தடுத்திருப்பதற்குக் காரணமே அதிலுள்ள ஆர்சனிக், பாஸ்பரஸ் மாசுகள்தாம். தரமும் தெரியாது, எத்தனை நாள் காற்றில் கிடந்தது என்பதும் தெரியாது.

கட்டியாகக் கிடைத்தால் உரலில் இடித்துத் தூளாக்கிக்கொள்ளலாமா?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. விடை, கூடாது என்பதே. இடிக்கும்போது எழும் தூசு கண்ணீரிலும் வியர்வையிலும் மூச்சுக்குழாயின் ஈரத்திலும் பட்டவுடன் காரச் சுண்ணாம்பாக மாறிப் புண்ணாக்கும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு சற்று அதிகமாகித் தாத்தாவுக்கு நாக்கு வெந்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது கண்ணுக்குள் நிகழ்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். உரல், அம்மி எதுவும் முழுவதும் உலர்ந்த பொருளும் அன்று, கல்லோடு இரும்பு மோதினால் பொறியும் வரும். கட்டிதான் கிடைத்தது என்றால் கைபடாமல் சல்லடையில் மெதுவாகச் சரித்து, தானாக விழும் குருணையை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை விளக்குக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பொறிக்கல், வாஷர், மற்ற பாகங்கள்?

இவை கார்பைட் போல் தலைவலி தருவன அல்ல. பொறிக்கல் என்பது உண்மையில் கல் அன்று. 1903-இல் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவர் ஃபொன் வெல்ஸ்பாக் காப்புரிமை பெற்ற இரும்பு–சீரியம் கலவை. பீரங்கியில் மிஞ்சியிருக்கும் பழைய துண்டை வெளியே எடுத்து அதன் குறுக்களவை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். புகையிலைக் கடையில் கிடைக்கும் லைட்டர் கல் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் தடிப்பு உடையது. அது தளர்வாக இருந்தால், பற்றவைப்பவர்கள் பயன்படுத்தும் உரசு லைட்டரின் கல்லைப் பாருங்கள், அது பெரியது. கல் உடைந்து துளைக்குள் இறுகிக் கிடந்தால் சுத்தியால் தட்டாமல், மெல்லிய துரப்பணத்தைக் கையால் திருகித் தூளாக்கி எடுக்க வேண்டும்.

வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் குழாய் ரிப்பேர்க்காரரிடம் உள்ள ரப்பர்த் தாளில் வெட்டிக்கொள்ளலாம். ஸ்பிரிங்கை அதே நீளத்துக்கு எந்தப் பூட்டுக்காரரும் தேடித் தருவார். அளவைக் குடுவை மட்டும் உள்ளூரில் செய்யக்கூடியதன்று, அதன் துளைதான் பாதுகாப்புக்கே ஆதாரம். அதை நிறுவனத்திடமிருந்தோ மற்றொரு பழுதான பீரங்கியிலிருந்தோதான் பெற வேண்டும். உலோகப் பாகம் என்பதால் அஞ்சலில் வரத் தடையில்லை. பழைய பச்சைப் பெயிண்டை உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டாம், அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. எனக்கு அந்தப் பெயிண்ட் உரிந்தபடியே இருப்பதுதான் அழகு.

டர்பனின் ஈரக்காற்றில் எப்படிச் சேமிப்பது?

ஜனவரி மாதத்தில் நம் உப்புப் போத்தலே கசிகிற ஊர் இது. திருகு மூடியும் ரப்பர் வளையமும் உள்ள கண்ணாடிப் புட்டியில், முடிந்தவரை நிரம்ப அடைத்து, அந்தப் புட்டியை ஒரு தகர டப்பாவுக்குள் வைத்து, மேலே பெயரும் எச்சரிக்கையும் எழுதி ஒட்டுங்கள். செம்பு, வெள்ளிப் பாத்திரம் ஆகாது. அசிட்டிலீன் அவற்றோடு சேர்ந்து தொட்டால் வெடிக்கும் சேர்மங்களை உண்டாக்கும். சமையலறை, குளியலறை, கழுவுதொட்டிக்குக் கீழ் ஆகியவை கூடவே கூடாது. சரக்கு குறைவாக இருந்தால் கவலையும் குறைவு. ஓராண்டுக்கு மேல் வேண்டியதை வாங்காதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் உலர்ந்த மணலைப் போட வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பதற்றத்தில் கை முதலில் வாளியைத்தான் தேடும்.

எல்லாம் சரியாக இருந்தும் 'புஸ்' என்று மட்டும் வருகிறதே?

பெரும்பாலும் தூள் குறைந்ததால் அன்று, கூடியதால்தான். முதல் முறை வெடிக்கவில்லை என்றவுடன் நாம் பொறுமையிழந்து இரண்டு, மூன்று சிட்டிகை போட்டுவிடுகிறோம். காற்றை வாயு வெளியே தள்ளிவிடுவதால் புகைக்கரியோடு மஞ்சள் சுடர் மட்டும் நீளும். பீரங்கியைத் திறந்தவெளியில் வைத்து, நீரைக் கொட்டி, சில நிமிடங்கள் காற்றாட விட்டு, புதுத் தண்ணீருடன் ஒரே ஒரு சிட்டிகையில் தொடங்குங்கள். வாயில் முகத்தை வைத்து ஊதுவதோ உள்ளே எட்டிப் பார்ப்பதோ எந்த நிலையிலும் கூடாது. பொறியே வரவில்லை என்றால், நீரும் தூளும் இல்லாமல் இரவில் குமிழை அழுத்திப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும்.

பிளாஸ்டிக் குழாயில் நாமே ஒன்று செய்துகொள்ளலாமா?

2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில், குறிப்பாகப் போபாலில், பிளாஸ்டிக் குழாயில் செய்து தெருவில் விற்ற கார்பைட் துப்பாக்கிகளால் பல சிறுவர்களின் கண்கள் பாதிக்கப்பட்டன. வெடிக்காத குழாய்க்குள் எட்டிப் பார்த்த நேரத்தில் வெடித்ததும் உண்டு. அந்தக் குழாய்க்கு அளவைக் குடுவையும் இல்லை, வெடிப்பைத் தாங்கும் வலுவும் இல்லை. வில்சனின் பீரங்கிக்கும் அதற்கும் பொதுவாக இருப்பது அந்தத் தூள் மட்டுமே. இந்தக் கேள்வியைக் கேட்பவருக்கு வேறெந்த உதவியும் செய்ய எனக்கு விருப்பமில்லை.

சட்டச் சிக்கல் உண்டா?

பட்டாசுக்கான நகராட்சித் துணைவிதிகள் ஊருக்கு ஊர் வேறுபடுவதால், சத்தம் எழுப்பும் நேரத்தைப் பற்றி உங்கள் நகராட்சியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். துப்பாக்கி வடிவப் பொம்மைகள் வைத்திருப்போர்க்கு மற்றொன்று: 2000-ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, துப்பாக்கி என்று பிறர் நம்பக்கூடிய எதையும் தக்க காரணமின்றி ஒருவரை நோக்கி நீட்டுவது குற்றம். சக்கரம் வைத்த பீரங்கியை யாரும் அப்படி நம்பப்போவதில்லை என்றாலும், அண்டை வீட்டாரிடமும் நாய் வைத்திருப்பவர்களிடமும் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

வெடித்து முடித்தபின் மிஞ்சும் வெள்ளைக் குழம்பை என்ன செய்வது?

அது நீற்றுச் சுண்ணாம்புதான். நுரை முற்றிலும் அடங்கும்வரை வெளியே திறந்து வைத்துவிட்டு, பிறகு மண்ணில் ஊற்றலாம். நுரைக்கும் நிலையில் சாக்கடையில் விட்டால் வாயு குழாய்க்குள் தேங்கும். பீரங்கியின் உள்ளறையை அன்றே நீரால் கழுவி, ஒட்டியிருப்பதை நீர் கலந்த வினிகரால் துடைத்து, மறுபடி நீரால் அலசி வெயிலில் உலர்த்துங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சுண்ணாம்பு இறுகிக் குமிழைப் பிடித்துக்கொள்ளும். ஏலத்தில் 'பழுது' என்று விலை குறைத்து விற்கப்படும் பீரங்கிகளில் பாதிக்கு இதைத் தவிர வேறு நோய் இல்லை. இரண்டு நாள் வினிகரில் ஊற வைத்து நானே இரண்டைப் பிழைக்க வைத்திருக்கிறேன்.

எங்கு தேடியும் தூள் கிடைக்கவில்லை என்றால்?

காத்திருங்கள். எனக்கு முதல் நல்ல குழாய் கிடைக்க நான்கு தீபாவளிகள் ஆயின. அதுவரை பீரங்கி அலமாரியில்தான் இருந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் பேரன் குமிழை அழுத்துவான், குழலுக்குள் ஒரு பொறி பறக்கும், 'டும்' என்று அவனே வாயால் சொல்லிக்கொள்வான்.